ஆடிக்காற்று என்னும் எடைக்கல்

மதுரையில் சிம்மக்கல், யானைக்கல் பக்கத்துக் கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகள் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வாங்கியாக வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் தன்னிடம் உள்ள எடைக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்ப்பார். காட்டுகிற எண் சரியாக இருந்தால் முத்திரை விழும். அந்த ஆய்வாளரின் எடைக்கல்லும் அதைவிடத் துல்லியமான இன்னொரு கல்லோடு ஒத்துப் பார்க்கப்பட்டதுதான். இப்படியே கல் கல்லாக மேலே போனால் அந்த வரிசை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும்.

இப்போது வீடுகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் மெல்ல வந்துகொண்டிருக்கும் ஒரு கருவிக்கு அப்படி எடைக்கல் வைத்துப் பார்க்க யாரும் வருவதில்லை. அறைக்காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்டும் சென்சார் அது. விலை சில ஆயிரம் ரூபாய். உள்ளே இருக்கும் உணரியோ தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். திரையில் 640, 815, 1,240 என்று எண் ஓடிக்கொண்டிருக்கும். காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் கரியமில வாயு மூலக்கூறுகள் எத்தனை என்பதே அந்த எண், பிபிஎம் என்பார்கள். அதை நம்பலாமா? கேலிபிரேஷன், அதாவது தெரிந்த அளவோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவது, செய்யத் தெரிந்தால் நம்பலாம். அதற்கான எடைக்கல்லை மதுரைக்காரர்கள் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஆடி மாதத்தில் அது தானாக மொட்டை மாடிக்கு வந்து சேர்கிறது.

முதலில், அந்த எண் ஏன் முக்கியம் என்று பார்த்துவிடலாம். நாம் வெளியே விடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் கரியமில வாயு. வெளிக்காற்றில் 420 சொச்சம்தான். ஆகவே ஓர் அறையில் 1,220 பிபிஎம் இருக்கிறது என்றால் கூடுதலான அந்த 800-உம் அங்கே இருப்பவர்களின் நுரையீரலிலிருந்து வந்தது. 800-ஐ 40,000-ஆல் வகுத்தால் ஐம்பதில் ஒன்று. நீங்கள் இழுக்கும் ஐம்பது மூச்சில் ஒரு மூச்சு, பக்கத்தில் இருப்பவர் ஏற்கெனவே விட்டது. ஒருவர் இருமினால் கிருமி எவ்வளவு எளிதாக அடுத்தவரைச் சேரும் என்பதையும் அந்தக் கணக்கிலிருந்து ஊகிக்கலாம். 1858-இல் மியூனிக் நகர மருத்துவ அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், அறைக்காற்று 1,000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார். இன்றும் பலரும் கைக்கொள்ளும் வரம்பு அதுவே. இந்தக் கணக்கில் சென்சார் 300 பிபிஎம் குறைத்துக் காட்டினால், புழுக்கமான அறைக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிடும்.

செத்துப்போன சென்சார் ஒன்று கையில் கிடைத்தால் அதன் உலோக மூடியைப் பிரித்துப் பார்க்கலாம். மூடியில் ஒரு துளை. தூசி நுழையாதபடி அதன்மேல் வெள்ளைச் சவ்வு. உள்ளே தங்க முலாம் பூசிய சிறு குழிவு. ஒரு கோடியில் குன்றிமணி அளவுக்குச் சின்ன பல்பு, மறுகோடியில் ஒரு டிடெக்டர். தங்கம் அழகுக்காக அல்ல. அகச்சிவப்புக் கதிரைத் தங்கம் போல் திருப்பி அனுப்பும் பொருள்கள் குறைவு. பல்பிலிருந்து கிளம்பும் கதிர் சுவரில் பட்டுப் பட்டு, அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே முடிந்தவரை நீளமான பாதையில் பயணம் செய்து டிடெக்டரை அடைகிறது.

பாதையில் குறுக்கிடுவது கரியமில வாயு மூலக்கூறு. நடுவில் ஒரு கார்பன் அணு, இருபுறமும் ஓர் ஆக்சிஜன் அணு. அந்தக் கார்பன் அணு இப்பக்கமும் அப்பக்கமுமாக அதிர்ந்துகொண்டே இருக்கும், வினாடிக்கு ஏறத்தாழ 70 லட்சம் கோடி முறை. அதே வேகத்தில் அலைபாயும் கதிர், அதாவது 4.26 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர் வந்தால் மூலக்கூறு அதை விழுங்கிவிடுகிறது. காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கதிரைக் கண்டுகொள்வதில்லை. 1859-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் செய்து காட்டிய உண்மை இது. பூமி சூடாவதற்கும், மேஜைமேல் இருக்கும் சென்சார் எண் காட்டுவதற்கும் காரணம் ஒன்றேதான்.

டிடெக்டரின் முன்னால் 4.26 மைக்ரானை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று உண்டு. கதிர் எவ்வளவு குறைந்து வருகிறதோ அவ்வளவு கரியமில வாயு. சொல்வதற்கு எளிது. ஆனால் வெளிக்காற்றின் அளவில் அந்தச் சில சென்டிமீட்டர் பாதையில் குறைவது மிகச் சொற்பம். அதற்குள் பல்பு வயதாகி மங்குகிறது. தங்கச் சுவரில் படலம் படிகிறது. மதுரை வெயிலில் எலக்ட்ரானிக்ஸ் சூடேறுகிறது. கதிர் குறைந்தது வாயுவாலா, பல்பு மங்கியதாலா என்று சென்சாருக்குத் தெரியாது. நல்ல கருவிகளில் எந்த வாயுவும் விழுங்காத 4 மைக்ரான் பக்கத்தில் இரண்டாவது டிடெக்டர் வைத்து, இரண்டையும் வகுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் நகர்வு முழுக்க நிற்பதில்லை. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் வேலையை இந்தக் கருவி செய்யவில்லை. முன்பு ஒருநாள் கற்றுக்கொடுக்கப்பட்ட நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். கற்றுக்கொடுத்தது பழசாகிவிட்டால் ஒப்பீடும் கோணலாகிவிடும்.

இதற்கு உற்பத்தியாளர்கள் கண்டுபிடித்த உபாயம் கெட்டிக்காரத்தனமானது. வாரத்தில் ஒருமுறையாவது அறையில் ஆள் இல்லாமல் காற்றோட்டமாக இருக்கும், அப்போது உள்ளே வெளிக்காற்றின் அளவுதான் இருக்கும், அது 400 பிபிஎம் என்று கருவி எடுத்துக்கொள்ளும். ஸ்வீடனின் சென்ஸ்ஏர் எஸ்8 ஏழரை நாளில் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று வைத்துக்கொள்கிறது. சீனாவின் வின்சென் எம்எச்-இசட்19 அதை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்கிறது. ஸ்விட்சர்லாந்தின் சென்சிரியான் கருவிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. கடைத்தெருவில் ஷட்டர் திறந்து கிடக்கும் கடைக்கு இது பொருந்தும். இரவு பூட்டிவிட்டுப் போகும் அலுவலகத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படுக்கையிலேயே இருக்கும் முதியவரின் ஏசி அறைக்குப் பொருந்தாது. அங்கே வாரம் முழுவதிலும் கண்ட மிகக் குறைந்த அளவு 700 என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி அதையே 400 என்று பதிந்துகொள்ளும். அதன் பிறகு உண்மையில் 1,200 இருக்கும்போது திரையில் 900 பக்கம் தெரியும். எந்த அறைக்கு எச்சரிக்கை அதிகம் தேவையோ அந்த அறையில்தான் கருவி அதிகம் ஏமாறுகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. வாழைத்தார் பழுக்க வைக்கும் எத்திலீன் அறைகளிலும் இதே சிக்கல். பழம் விடும் மூச்சால் கரியமில வாயு ஏறி 1 சதவீதத்தை, அதாவது 10,000 பிபிஎம்மைத் தாண்டினால் எத்திலீனின் வேலை மட்டுப்பட்டுப் பழுப்பது தாமதமாகும். அதனால் அவ்வப்போது கதவைத் திறந்து காற்று மாற்றுவார்கள். 400-ஐக் கண்ணாலும் பார்க்காத அத்தகைய அறையில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, நாமே கேலிபிரேஷன் செய்வதுதான் வழி.

வெளிக்காற்றில் கருவியை வைத்து, 'இதுதான் வெளிக்காற்று, பதிந்துகொள்' என்று சொல்லிவிட வேண்டியதுதானே? ஆம், அதுதான் முறை. ஆனால் எந்த வெளிக்காற்று, எந்த நேரத்து வெளிக்காற்று?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1955-இல் அவர் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த இளம் வேதியியலாளர். அவர் காலத்தில் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கு ஓர் எண் சொன்னார்கள். கீலிங் முதலில் நம்பகமான ஓர் அளவுகோலைச் செய்தார். குறிப்பிட்ட கனஅளவு காற்றை எடுத்து, அதிலிருக்கும் கரியமில வாயுவை மட்டும் திரவ நைட்ரஜன் குளிரில் உறைய வைத்துப் பிரித்து, பிறகு அதை வாயுவாக்கி அதன் அழுத்தத்தைப் பாதரசக் கம்பத்தில் அளக்கும் மானோமீட்டர் அது. பல்பும் டிடெக்டரும் மங்கும். பாதரச மட்டம் மங்காது. பிறகு பிக் சர் என்ற கடலோரக் காட்டுக்குக் கண்ணாடிக் குடுவைகளோடு போய், இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று பிடித்தார். இரவில் அளவு ஏறியது, பகலில் இறங்கியது. காடு, மலை, பாலைவனம் என்று இடம் இடமாகப் போய்ப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. இரவில் ஊருக்கு ஊர் மாறும் எண், பிற்பகலில் எல்லா இடத்திலும் ஏறத்தாழ 310-இல் வந்து நின்றது.

பிற்பகலின் மந்திரம் வேறொன்றுமில்லை. வெயிலில் தரை காய்ந்து, காற்று மேலெழுந்து, ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலங்கிவிடுகிறது. உள்ளூர் மூச்சும் புகையும் அந்தப் பெருங்காற்றில் கரைந்துவிட, மிஞ்சுவது உலகத்துக்கே பொதுவான காற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1958 மார்ச்சில், ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 3,397 மீட்டர் உயரத்தில் கீலிங்கின் கருவி முதல் எண்ணைப் பதிந்தது: 313. அந்தக் கருவியும் அகச்சிவப்புக் கதிரால் இயங்கியதுதான். நம் மேஜை சென்சாரின் பாட்டன். அதை அவர் சும்மா விடவில்லை. அளவு தெரிந்த சிலிண்டர் வாயுவைத் திரும்பத் திரும்ப உள்ளே செலுத்தி, கருவியை ஓயாமல் சோதித்துக்கொண்டே இருந்தார். கரியமில வாயு ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதைக் காட்டி உலகையே யோசிக்கவைத்த கீலிங் வளைகோடு அந்தப் பிடிவாதத்தின் மேல் நிற்கிறது.

இப்போது சிம்மக்கல்லுக்கு வருவோம். மார்கழி விடியலில் பேச்சியம்மன் படித்துறைப் பக்கம் நடப்பவர்களுக்குக் காற்று குளிர்ந்து, தூய்மையாகத் தோன்றும். கரியமில வாயுவைப் பொறுத்தவரை அதுதான் நாளின் மோசமான நேரம். இரவில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அசையாமல் படுத்துவிடுகிறது. செடி கொடிகளும் மண்ணும் விடும் மூச்சு, அதிகாலை லாரிகளின் புகை, வாசலில் எரியும் குப்பை எல்லாம் அந்தத் தாழ்ந்த கூரைக்குள் சேர்ந்துகொண்டே போகும். அந்த வேளையில் கருவியைத் திருத்தினால், 480-உம் 500-உமாக இருக்கக்கூடிய காற்றை 400 என்று கற்றுக்கொடுத்தவர்களாவோம். அதற்குப் பிறகு அது காட்டும் எண் எல்லாமே குறைச்சலாக இருக்கும்.

ஆடி வேறு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காற்றின் பயணத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு அலுப்பதே இல்லை. மொரீஷியஸ் பக்கத்தில், பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் மேல் கிளம்புகிறது. ஆப்பிரிக்கக் கரையோரம் பூமத்திய ரேகையைக் கடந்து, சோமாலியாவுக்கு அருகே வலப்புறம் திரும்பி, அரபிக்கடலைத் தாண்டி, கேரளத்தில் மழையை இறக்கிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகவும் முகடுகளின் மேலாகவும் வறண்ட காற்றாகப் பாண்டி நாட்டில் இறங்குகிறது. வழியெல்லாம் பெரும்பாலும் கடல். தென்கோளத்தில் ஊர்களும் ஆலைகளும் குறைவு என்பதால் அங்கே கரியமில வாயு வடகோளத்தைவிடச் சில பிபிஎம் குறைவு. பருவத்துக்கேற்ற ஏற்ற இறக்கமும் குறைவு. ஆடிப் பிற்பகலில் சிம்மக்கல் மொட்டை மாடியில் துணிகளைப் பறக்கவிடும் காற்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல்மேல் நன்றாகக் கலக்கப்பட்ட காற்று. ஆய்வகத்தில் விலைகொடுத்து வாங்கும் சிலிண்டருக்கு அடுத்தபடியாக நமக்குக் கிடைக்கும் எடைக்கல் அதுதான்.

செய்முறையை நேரே சொல்கிறேன். இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், காற்று நன்றாக வீசும் நாளில், சாலையைவிட்டு எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கருவியை வையுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நல்ல இடம். நேர் வெயில் படக் கூடாது. மேற்கே புகைபோக்கியோ ஜெனரேட்டரோ இருக்கக் கூடாது. வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இதுதான் பலர் தவறவிடும் இடம். 40,000 பிபிஎம் மூச்சோடு கருவியின் மேல் குனிந்து நின்றால் எண் சரசரவென்று ஆயிரத்தைத் தாண்டிவிடும். காற்று போகும் திசையில், கருவிக்குக் கிழக்கே தள்ளி நின்று பாருங்கள். இருபது நிமிடமாவது ஓடவிட்டு, எண் ஒரே இடத்தில் நிலைத்து நின்றபின் கேலிபிரேஷன் கட்டளை கொடுக்க வேண்டும். எம்எச்-இசட்19 போன்றவற்றில் அதற்கென்று உள்ள பின்னை ஏழு வினாடிக்கு மேல் கிரவுண்டோடு இணைத்துப் பிடித்தால் போதும். வேறு சிலவற்றில் செயலியில் பொத்தான் இருக்கும்.

எந்த எண்ணைக் கொடுப்பது? பெட்டியில் அச்சிட்டிருக்கும் 400 பழைய உலகத்தின் எண். மௌனா லோவாவின் ஆண்டுச் சராசரி 400-ஐத் தாண்டிப் பத்தாண்டு ஆகிவிட்டது. 2024-இல் அது ஏறத்தாழ 424.6, 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டியது. எண்ணைக் கையால் கொடுக்க விடும் கருவி என்றால் 420-க்கு மேல் கொடுப்பதே நியாயம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மௌனா லோவாவில் சொல்லும் எண், ஈரத்தை நீக்கிய உலர்ந்த காற்றுக்கானது. நம் மாடிக் காற்றில் நீராவி இரண்டு, இரண்டரை சதவீதம் இடம் பிடித்துக்கொள்கிறது. உலர்ந்த நிலையில் 425 என்றால் ஈரக் காற்றில் அது 415 பக்கம் வரும். ஆனால் இத்தகைய கருவிகளின் துல்லியமே முன்பின் 50 பிபிஎம்தான். ஆகவே 420 என்று வைத்துக்கொண்டால் மனசாட்சிக்கு உறுத்தல் இல்லை.

காற்றழுத்தம் அப்படியல்ல, அதன் பிழை பெரியது. மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திருத்திய சென்சாரைப் பையில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கோடைக்கானல் ஏறினால், 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். காற்றின் கலவை மாறவில்லை, பத்து லட்சத்தில் அதே 420 தான். ஆனால் அந்தத் தங்கக் குழிவுக்குள் அடங்கும் மூலக்கூறுகளே குறைவு. அழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாத கருவி 330 பக்கம் காட்டும். கோடைக்கானல் காற்று அவ்வளவு தூய்மை என்று யாராவது மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சிக்கு உயரம்தான் காரணம். மலையில் பயன்படுத்தும் கருவியை மலையிலேயே திருத்த வேண்டும், அல்லது உயரத்தை உள்ளிட்டுக்கொள்ளும் கருவி வாங்க வேண்டும்.

ஒரே புள்ளியில் திருத்துவதில் ஒரு குறை உண்டு. 420-இல் சரியாக இருக்கும் கருவி 1,500-இல் சரியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆர்வம் உள்ளவர்கள் பூஜ்யத்தையும் சோதிக்கலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது அப்படி இறுகுகிறது. அதே சுண்ணாம்போடு கொஞ்சம் காஸ்டிக் சோடா சேர்த்த சோடா லைம் என்ற குருணை, அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்துக் கருவிகளுக்குள் நோயாளியின் மூச்சைச் சுத்தம் செய்யப் பயன்படுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் சென்சாரையும் கொஞ்சம் சோடா லைமையும் வைத்து மூடினால் எண் இறங்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். அரிக்கும் பொருள் அது. கையுறை வேண்டும், கண்ணில் படக் கூடாது, குருணை சென்சார்மேல் படாதபடி துணியில் கட்டி வைக்க வேண்டும். சில மலிவுக் கருவிகள் 400-க்குக் கீழே எண்ணே காட்டாத மாதிரி செய்யப்பட்டிருக்கும். உள்ளுக்குள் 320 என்று அது கணக்கிட்டாலும் திரையில் 400 என்றே நிற்கும். வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் தன் பிழையை மறைக்கும் கருவியைத் திருத்துவது கடினம்.

மௌனா லோவாவின் எண்ணை மதுரையில் நம்பலாமா என்று கேட்கத் தோன்றும். நம் பக்கத்துக் காற்றையும் பிடித்து அளந்திருக்கிறார்கள். கோவாவின் கேப் ராமாவில் 1993 முதல் குடுவைகளில் காற்று பிடித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். புனேக்கு அருகே சிங்ககட் மலையில் இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் 2009 முதல் அளக்கிறது. நமக்கு மிக அருகில் புதுச்சேரிக் கடற்கரை. அங்கேயும், லடாக்கின் ஹான்லேயிலும், அந்தமானின் போர்ட் பிளேரிலும் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்த காற்று பிரான்ஸில் பாரிசுக்கு அருகே உள்ள ஆய்வகத்துக்குப் போனது. அங்கே ஒப்பிடப் பயன்பட்ட சிலிண்டர்களின் அளவு, அமெரிக்காவின் போல்டர் நகரில் காக்கப்படும் மூலச் சிலிண்டர்களோடு ஒத்துப் பார்க்கப்பட்டது. கொலராடோ மலைக்காற்றை அலுமினியச் சிலிண்டரில் அடைத்து, கீலிங் செய்ததுபோலவே மானோமீட்டரில் உறைய வைத்து அளந்து வைத்திருக்கிறார்கள். தராசுக்கு டெல்லி எப்படியோ, கரியமில வாயுவுக்குப் போல்டர் அப்படி. அந்த வரிசையின் கடைசிக் கண்ணியாக நம் மாடியும் சேர்ந்துகொள்ள முடிகிறது.

திருத்தி முடித்ததும் ஒரு சின்ன டேப்பில் தேதியையும் கொடுத்த எண்ணையும் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவையுங்கள். முத்திரை ஆய்வாளர் வராத கருவிக்கு அதுதான் முத்திரை. அடுத்த ஆடியில் மறுபடி மாடிக்குக் கொண்டுபோகும்போது பழைய எண்ணையே கொடுத்துவிட வேண்டாம். இப்போதைய வேகத்தில் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.